தண்டம் வேறு, ஈடு வேறு

எல்லாளன் கதையைத் தமிழ் மாணவர்க்குப் புதிதாக எடுத்துரைக்க வேண்டியதில்லை. அநுராதபுரத்திலிருந்து 44 ஆண்டு ஆட்சி புரிந்த அச்சோழநாட்டு மன்னன், முறை வேண்டி வருவோர் அசைத்து ஒலிப்பதற்கென நெடுங்கயிறு பூண்ட மணியொன்றைத் தன் படுக்கையின் தலைமாட்டிற் கட்டிவைத்திருந்தான். அவன் மகன் திசாவாவிக்குத் தேரூர்ந்து சென்றபோது, வழியில் தாயோடு கிடந்த இளங்கன்றின் கழுத்தில் தேர்க்கால் ஏறிற்று. பசு வந்து மணியை அசைத்தது. மன்னன் அதே தேர்க்காலால் மகனின் தலையைத் துணிப்பித்தான். மகாவம்சத்தின் 21 ஆம் அதிகாரம் இவ்வாறு கூறும். இதனையொத்த வரலாற்றைச் சேக்கிழார் திருவாரூரில் வைத்துப் பாடினார். அவருக்கு முன்னரே, மதுரை மன்னன்முன் வழக்குரைக்கச் சென்ற கண்ணகியின் வாயிலாக இளங்கோவடிகளும் இதனைச் சுட்டினார்.

ஆயின் மகாவம்சத்தின் அதே அதிகாரத்தில் மற்றுமொரு தேர் விபத்துச் சொல்லப்பட்டிருப்பதைப் பலர் கருதுவதில்லை. பிக்குகளை அழைக்கும் பொருட்டுச் சேதியமலைக்குச் சென்று மீண்ட எல்லாளனின் தேரது நுகத்தின் முனை பட்டு, வழியிலிருந்த தூபி ஒன்று சிதைந்தது. அமைச்சர் அதனை எடுத்துக் காட்டினர். மன்னன் தேரினின்று குதித்து வீதியிற் கிடந்து, தன் தலையையும் சக்கரத்தால் துணிக்குமாறு கூறினான். அமைச்சர் உடன்படவில்லை. பிறர்க்கு ஊறு செய்தலைப் புத்தர் விரும்பார் என்றும், சிதைந்ததைச் செப்பனிட்டுக் கொடுத்தலே தக்கது என்றும் உரைத்தனர். பெயர்ந்து விழுந்த கற்கள் 15. அவற்றை மீளவும் அமைப்பதற்கு மன்னன் செலவிட்ட பொன் 15,000 கஹாபணம்.

இரண்டும் கருதாது நேர்ந்தவை. இரண்டிலும் தேரூர்ந்தவன் பக்கமே பிழை. எனினும் முறைகள் வெவ்வேறு. முன்னதில் பிழைத்தவன் ஒறுக்கப்பட்டான். பசுவுக்குக் கன்று மீண்டதென மகாவம்சம் கூறவில்லை. பின்னதில் எவரும் ஒறுக்கப்படவில்லை. இழந்தது எண்ணப்பட்டது, அளக்கப்பட்டது, திருப்பிக் கொடுக்கப்பட்டது. முன்னது தண்டம், பின்னது ஈடு. இவ்விரண்டையும் ஒன்றென மயங்குவதனால் நம் மலையகத்து மக்கள் ஆண்டுதோறும் இழந்து வருவது சிறிதன்று. அதனை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மலைப்பாதையும் மோட்டார் சைக்கிளும்

கினிகத்தேனையிலிருந்து அட்டன், தலவாக்கலை வழியாக நுவரெலியாவுக்கு ஏறும் பாதையும், புசல்லாவை, இறம்பொடை வழியாக ஏறும் பாதையும் அழகுக்குப் பெயர் பெற்றவை. அவ்வழகே அவற்றின் அபாயமுமாகும். ஒரு பக்கம் மலைச்சுவர், மறுபக்கம் பள்ளம், இடையே வளைந்து வளைந்து செல்லும் ஒடுங்கிய வீதி. மாலையில் இறங்கும் மூடுபனியோ எதிரே வருவதை மறைத்துவிடும். 2023 சனவரி 20 ஆம் நாள் நானுஓயா ரதெல்ல குறுக்குப் பாதையில் பஸ், வான், முச்சக்கர வண்டி ஆகியவை மோதியதில் ஏழு உயிர்கள் போயின. 2025 மே 11 ஆம் நாள் கொத்மலை கரண்டியெல்லவில் பஸ் பள்ளத்தில் வீழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இத்தகைய பெருந்துயர்களை நாடு முழுவதும் அறியும், பத்திரிகைகள் எழுதும், தலைவர்கள் வருவர்.

மோட்டார் சைக்கிள் விபத்து அவ்வாறன்று. அது ஒருவனை வீழ்த்தும். ஒரு குடும்பத்தை வீழ்த்தும். செய்தித்தாளின் ஒரு மூலையோடு அடங்கிவிடும். இன்று தோட்டத்து இளைஞர் பலர்க்கு அதுவே கால். அட்டனிலோ நுவரெலியாவிலோ கடையிற் பணிபுரிவோரும், கட்டட வேலைக்குச் செல்வோரும் அதனைத் தவணைக்கு வாங்குகின்றனர்.

ஒருவனை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். தன் வழியே செல்லும் அவன்மேல், வளைவிலே முந்த முயன்ற வானொன்று மோதுகின்றது. கணைக்கால் எலும்பு முறிகின்றது. வைத்தியசாலையிற் சில வாரம், லயத்து அறையிற் பல மாதம். கூலி நின்றுவிட்டது, தவணை நிற்கவில்லை. பொலிசார் நீதவான் நீதிமன்றத்தில் வழக்கிடுகின்றனர். சாரதி குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் செலுத்துகின்றான். வீட்டார், "கேஸ் முடிந்தது, நமக்கு ஒன்றும் இல்லை" என்று திரும்பிவிடுகின்றனர்.

இங்கேதான் மயக்கம் உளது. முடிந்தது தண்ட வழக்கு. அபராதம் அரசின் திறைசேரிக்குச் செல்வது. அஃது அவ்விளைஞனின் காலுக்கு உரியதன்று. குற்றத்தால் ஊறுபட்டவர்க்கு நட்டஈடு கொடுக்குமாறு நீதவானும் கட்டளையிடலாம். ஆயின் இழப்பு முழுவதையும் எண்ணி அளந்து கோரும் இடம் மாவட்ட நீதிமன்றமே. அங்கே வழக்காளி அரசன்று, ஊறுபட்டவனே. அவன் போய் மணியை அசைத்தாலன்றி அது தானே ஒலியாது.

கால்நடையிற் பிறந்த சட்டம்

இம்மாவட்ட நீதிமன்ற வழக்கின் மூலம் வியப்புக்குரியது. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் உரோமாபுரியில் அக்குவிலியச் சட்டம் என ஒன்று இயற்றப்பெற்றது. பிறனுடைய அடிமையையோ மேயும் நாற்கால் விலங்கையோ முறையின்றிக் கொன்றவன், உடையவனுக்கு அதன் விலையைக் கொடுக்க வேண்டுமென்பது அதன் முதற் கூறு. அந்நாட்டிலும் நியாயம் கால்நடையிலேயே தொடங்கிற்று என்க. காலஞ் செல்லச்செல்ல அது விரிந்து, கவனயீனத்தால் விளையும் இழப்பெல்லாவற்றையும் தழுவிற்று. உரோம–டச்சுச் சட்டமாக ஒல்லாந்தரோடு இலங்கைக்கு வந்து, ஆங்கிலேயர் காலத்தும் நிலைத்து, இன்றும் நம் நீதிமன்றங்களில் வழங்குகின்றது.

இச்சட்டத்தின்கீழ் ஈடு கோருவோன் நிறுவ வேண்டியவை சுருக்கமாக மூன்று: எதிராளி கவனமாயிருக்கக் கடமைப்பட்டவன், அக்கடமையில் தவறினான், அதனால் இன்ன இழப்பு விளைந்தது. கெட்ட எண்ணம் இருந்ததெனக் காட்ட வேண்டியதில்லை. "அவர் வேண்டுமென்றா மோதினார்?" என்று கேட்டுப் பெருந்தன்மையோடு விட்டுவிடுவோர் நம்மிடையே பலர். வேண்டுமென்று மோதுதல் வேறு குற்றம். எல்லாளன் தூபியை வேண்டுமென்றா இடித்தான்? ஆயினும் 15 கற்களுக்கும் கணக்குத் தீர்த்தான் அன்றோ?

அக்கடமை யார்க்கு உரியது என்னும் வினாவும் உண்டு. 1938 இல் ஸ்கொத்லாந்தின் எடின்பரோ நகரில் மோட்டார் சைக்கிளில் விரைந்து சென்ற ஒருவன், ஒரு காரோடு மோதி மாண்டான். சற்றுத் தொலைவில், டிராம் வண்டியின் மறுபுறத்தே நின்று மீன்கூடையை முதுகில் ஏற்றிக்கொண்டிருந்த கருவுற்ற பெண்ணொருத்தி, அவ்வோசை கேட்டு அதிர்ச்சியுற்றாள். பின்னர் அவள் பெற்ற பிள்ளை உயிரின்றிப் பிறந்தது. அவள் தொடுத்த வழக்குப் பிரபுக்கள் சபை வரை சென்று 1942 இல் தோற்றது. கண்ணுக்கு எட்டாது ஒதுங்கி நின்ற ஒருத்திக்கு ஊறு நேருமென்று அவன் முன்னுணர்ந்திருக்க இயலாது என்பது காரணம். அத்தீர்ப்பை மறுபக்கம் திருப்பிப் பார்த்தால் நமக்கு உறுதியே கிடைக்கும். நடைபாதையற்ற மலை வளைவில் கொழுந்துக் கூடையோடு ஓரமாக நடந்து வரும் பெண்ணையும், எதிரே ஏறி வரும் மோட்டார் சைக்கிளையும் முன்னுணர்தல் எவர்க்கும் இயலும். அங்கே, "எதிர்பாராது நேர்ந்தது" என்னும் சொல் நிற்பது அரிது.

விழுந்தான் என்பதும் வீழ்த்தப்பட்டான் என்பதும்

தன்வினை, பிறவினை என்னும் வேறுபாட்டை இலக்கண வகுப்பிற் கற்பிக்கின்றோம். அது தேர்வுக்கு மட்டும் உரியதன்று. ஒருவனுடைய வாழ்க்கைக்கும் உரியது. வைத்தியசாலைக்குக் கொண்டுவந்தவர், "பைக்கில் இருந்து விழுந்துவிட்டான்" என்று சொன்னால் எழுத்தில் அதுவே பதியும். "வளைவில் முந்திய வான் மோதி வீழ்த்தியது" என்றால் வேறு செய்தி பதியும். முன்னதில் வினைமுதல் நோயாளியே. பின்னதில் வினைமுதல் வான். ஈராண்டு கழித்து எதிர்த்தரப்புச் சட்டத்தரணி முதலில் எடுத்துக் காட்டுவது இந்த ஒற்றை வினைச்சொல்லையே.

நம் மக்களின் பேச்சு வழக்கோ வினைமுதலை முற்றாக மறைப்பது. "ஆக்சிடன்ட் ஆகிவிட்டது", "காலம் சரியில்லை", "கண்பட்டுவிட்டது", "தலையெழுத்து" என்பனவற்றில் செய்தவன் எங்கே? துயரத்தைத் தாங்குதற்கு அச்சொற்கள் உதவலாம். பொலிஸ் நிலையத்தில் அவை உதவா. அங்கே எந்த நாள், எந்நேரம், எந்த வளைவு, எந்த வாகனம், அதன் இலக்கம் யாது, எப்பக்கத்திலிருந்து வந்தது, எவர் கண்டார் என்பனவே வேண்டும்.

அவ்வாக்குமூலம் தமிழிற் பதியப்பெற வேண்டுமெனக் கேட்டல் உரிமை, அருள் வேண்டுதலன்று. 1956 இல் சிங்களம் மட்டும் அரசகரும மொழியாயிற்று. 1987 இல் அரசியலமைப்பின் 13 ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கிற்று. மறு ஆண்டின் 16 ஆம் திருத்தம் நிருவாகத்திலும் நீதிமன்றத்திலும் மொழியுரிமையை விரித்தது. 1999 இல் நுவரெலியா மாவட்டத்துப் பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழிப் பிரிவுகளாக அறிவிக்கப்பெற்றன. ஏட்டில் இவ்வாறிருப்பினும், தமிழ் எழுதவல்ல அலுவலர் இல்லாமையால் வாக்குமூலம் சிங்களத்தில் எழுதப்படுவதே பல இடத்தும் வழக்கம். அந்நிலையில், எழுதியதை மொழிபெயர்த்து வாசிக்கக் கேட்டபின்னரே கையொப்பமிடுதல் வேண்டும். தன் வாயிற் பிறந்த சொல் எதுவென அறியாது கையெழுத்திட்டவன், தன் வழக்கைப் பிறன் கையில் எழுதிக் கொடுத்தவனாவான்.

பேரும் கணக்கும்

ஈடு என்பது அளக்கப்படுவது. அளப்பதற்குச் சான்று வேண்டும். மருந்துச் செலவு, வண்டிக் கூலி, உழைக்க இயலாது கழிந்த நாட்கள், இனி உழைக்க இயலாது போகும் காலம், உடல் பட்ட நோவு ஆகிய ஒவ்வொன்றும் தனித்தனியே எண்ணப்படும். முறிவின் தன்மையைச் சட்ட வைத்திய அதிகாரியின் அறிக்கை காட்டும். மருந்துக் கடைச் சிட்டை, வைத்தியசாலை அட்டை, எக்ஸ்ரே படம் ஆகியவற்றை ஓர் உறையிலிட்டுக் காத்தல் வேண்டும். லயத்துக் கூரை ஒழுகுவது. மழைக்காலத்து அவ்வுறையே முதலில் நனையும்.

ஊறுபட்டவர் கொழுந்து பறிக்கும் பெண்ணாயின், மலையக வழக்கிலுள்ள ஓர் அருஞ்சொல் இங்கே துணைபுரியும். நாட்கூலியைப் "பேர்" என்பர் தோட்டத்தார். நிறை குறைந்தால் அரைப்பேர்; நிறைந்தால் முழுப்பேர். ஒருவருடைய பெயர் செக்றோலில் விழுந்தால்தான் அன்று அவர்க்குக் கூலி உண்டு. விபத்துக்கு முன் மாதம் இத்தனை பேர், பின் ஒன்றுமில்லை. மீண்டு சென்றபின்னும் விரல்களில் வலுவின்மையால் அரைப்பேரே. இக்கணக்கு அச்செக்றோலிலேயே உளது. தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் குறைந்தபட்ச நாட்சம்பளம் 2021 இல் 1,000 ரூபாயாகவும் 2024 இல் 1,350 ரூபாயாகவும் நிர்ணயிக்கப்பெற்றது. விழாத பேர்களின் எண்ணிக்கையை அக்காலத்துக்குரிய சம்பளத்தோடு பெருக்கிக் காட்டினால், இழப்பு இரக்கத்துக்குரிய கதையாக நில்லாது கணக்காக நிற்கும். நீதிமன்றம் கேட்பதும் கணக்கே.

ஊறுபட்டவர் பக்கமும் சிறிது பிழையுண்டெனின் அனைத்தும் போய்விடுமோ என அஞ்சுவோர் உளர். முற்காலத்தில் அவ்வச்சத்துக்கு இடமிருந்தது. 1968 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டம் அதனை மாற்றிற்று. இன்று பிழையின் பங்குக்கேற்ப ஈடு குறைக்கப்படும்; முழுதும் மறுக்கப்படாது. ஆகவே தலைக்கவசம் அணியாதிருந்தவனும் தன் வழக்கை அதனாலேயே கைவிட வேண்டியதில்லை. எனினும் அணியாமை தலையையும் வழக்கையும் ஒருங்கே பாதிக்குமென்பதை இளைஞர் மறத்தல் ஆகாது.

கதவு மூடும் நாள்

இனிச் சொல்லப்போவது இக்கட்டுரையில் மிக இன்றியமையாதது. 1871 ஆம் ஆண்டின் காலவிதிப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, ஊறு பற்றிய வழக்கு அது நேர்ந்த நாளிலிருந்து ஈராண்டுக்குள் தொடுக்கப்பட வேண்டும். இளவர் முதலிய சிலர்க்கு விலக்குண்டு, ஏனையோர்க்கு ஈராண்டே. பொலிஸ் வழக்கு நடந்துகொண்டிருக்கின்றது என்பதனால் இக்காலம் நில்லாது. "பேசி முடிப்போம், பொறுங்கள்" என்று எதிர்த்தரப்பார் சொல்வதனாலும் நில்லாது. கால் கூடுவதற்கு ஓராண்டு, கடன் அடைப்பதற்கு ஓராண்டு என ஈராண்டு கழிந்தபின் வருபவர்க்கு, எத்துணைச் சிறந்த சான்றிருப்பினும் கதவு மூடப்பட்டிருக்கும்.

வழக்கிட்டால் வான்காரனிடம் பணமிருக்குமோ என்னும் ஐயமும் எழும். அதற்காகவே 1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம், வீதியில் ஓடும் ஒவ்வொரு வாகனத்துக்கும் மூன்றாந் தரப்புக் காப்புறுதியைக் கட்டாயமாக்கிற்று. உடையவன் மீது பெறும் தீர்ப்பைக் காப்புறுதி நிறுவனம் நிறைவேற்ற வேண்டும். அதற்கு, வழக்குத் தொடுப்பதற்கு முன்னரோ தொடுத்து ஏழு நாட்களுக்குள்ளோ அந்நிறுவனத்துக்கு அறிவித்தல் கொடுக்கப்பட வேண்டும். இச்சிறு கடிதம் விடுபட்டமையால் பெரிய தீர்ப்பும் வெறுங் காகிதமாகலாம். விபத்து நேர்ந்த இடத்திலேயே காப்புறுதிச் சான்றிதழின் இலக்கத்தைக் குறித்துக்கொள்ளல் இதனாலேயே வேண்டப்படுகின்றது.

வானுக்குரியவர் கொழும்பில் வசிப்பவராயினும், அங்கே சென்று வழக்காட வேண்டுவதில்லை; விபத்து நேர்ந்த எல்லைக்குரிய நீதிமன்றத்திலேயே தொடுக்கலாம். சட்டத்தரணிக்குக் கொடுக்க வகையற்றோர்க்கு, 1978 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழு உளது. பணியின் நிமித்தம் சென்றபோது விபத்து நேர்ந்திருப்பின், 1934 ஆம் ஆண்டின் வேலையாள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின்கீழ் ஆணையாளரிடம் முறையிடும் தனி வழியும் உண்டு. அங்கே முதலாளியின் கவனயீனத்தை நிறுவ வேண்டியதில்லை. பணிக்குச் செல்லும் வழியிலும் மீளும் வழியிலும் நேரும் விபத்தையும் 2022 ஆம் ஆண்டின் திருத்தம் இவ்வழிக்குள் கொணர்ந்தது. கடைக்குச் செல்லும் இளைஞர்க்கு இஃது அறியத்தக்க செய்தி.

இவ்வழிகளெல்லாம் இருக்கவும் ஏழை செல்லும் வழி பெரும்பாலும் வேறு. எதிர்த்தரப்பார் ஒருவர் வருவார்; பழங்களும் பிஸ்கட்டும் கொணர்வார்; கையில் ஒரு தொகை கொடுப்பார்; ஒரு தாளில் ஒப்பம் கேட்பார். வீட்டில் அரிசியில்லாத வேளையில் அத்தொகை பெரிதாகத் தோன்றும். அத்தாளில், "இனி எக்கோரிக்கையும் இல்லை" என்னும் பொருள்பட எழுதியிருப்பதை வாசிப்பார் இலர். பேசித் தீர்த்தல் இழுக்கன்று. நெடுவழக்கினும் அது நன்றாதல் கூடும். கால் எவ்வளவு கூடுமென்று வைத்தியரே அறியாத நாளில் தீர்த்தல் இழுக்கு. வாசியாது ஒப்பமிடுதல் அதனினும் இழுக்கு.

கடிதம் சேரும் இடம்

மற்றுமொரு தடையைச் சொல்லாதுவிடின் மலையகத்தைச் சொன்னதாகாது. ஏனையோர்க்கு வீட்டிலக்கமும் வீதியும் உண்டு. தோட்டங்கள் பலவற்றில் லயத்து அறைக்குத் தனி முகவரி இல்லை. காப்புறுதி நிறுவனத்தின் மறுமொழியும், நீதிமன்ற அறிவித்தலும், சட்டத்தரணியின் கடிதமும் தோட்ட அலுவலகத்துக்கே போய்ச் சேரும். அங்கிருந்து அது வீட்டுக்கு வரும் நாளை எவர் அறிவார்? ஏழு நாள், ஈராண்டு என நாட்களை எண்ணி அளந்த சட்டம், கடிதம் கிடந்த நாட்களை எண்ணுவதில்லை. சென்ற நூற்றாண்டில் குடியுரிமையே மறுக்கப்பட்டு, 1948 முதல் 2003 வரை படிப்படியாக அதனை மீட்ட மக்களுக்கு, இன்னும் ஒரு முகவரி கடனாகவே நிற்கின்றது.

இங்கே ஆசிரியர் செய்யத்தக்க பணி உண்டு. தோட்டப் பாடசாலைக்கு முகவரி உளது. அங்கே மூன்று மொழியும் ஓரளவு அறிந்தோர் உளர். பிள்ளைகள் வாயிலாக ஒவ்வொரு லயத்துச் செய்தியும் நாடோறும் அங்கே வந்து சேர்கின்றது. தந்தை கால் முறிந்து கிடக்கின்றான் என்பதைப் பிள்ளையின் வராமையிலிருந்து முதலில் அறிபவர் ஆசிரியரே. விபத்து நாளைக் குறித்து வைத்தல், ஈராண்டு முடியும் நாளை அதன் கீழே எழுதி வைத்தல், வாக்குமூலத்தை வாசித்துக் காட்டல், கடிதத்துக்குப் பாடசாலையின் மேற்பார்வையில் ஒரு முகவரி தருதல், சட்ட உதவி ஆணைக்குழுவுக்கு நான்கு வரி எழுதிக் கொடுத்தல் ஆகிய இவற்றுக்குச் சட்டப் புலமை வேண்டுவதில்லை. எழுத்தறிவும் இரக்கமும் போதும். கடிதம் எழுதுதலையும் முறைப்பாடு எழுதுதலையும் மாணவர்க்குப் பயிற்றுகின்றோம். "நூலகம் அமைத்துத் தருமாறு வேண்டுதல்" என்னும் பழைய தலைப்போடு, "வீதி விபத்துப் பற்றிய வாக்குமூலம்" என்னும் தலைப்பையும் ஒருமுறை கொடுத்துப் பார்க்கலாம். வினைமுதலை மறையாது ஒரு வாக்கியம் எழுதக் கற்ற மாணவன், தன் தாய்க்காகப் பொலிஸ் நிலையத்தில் நிற்கும் நாளில் தமிழ் கற்றதன் பயனை உணர்வான்.

ஈடு கேட்பதை இரத்தலோடு ஒப்பவைத்து நாணுவோர் நம்மிடையே இன்னும் உளர். கொடுப்பவன் உள்ளத்தைப் பொறுத்தது கொடை. இழந்தவன் இழப்பைப் பொறுத்தது ஈடு. இரப்பவன், "ஏதேனும் தருக" என்பான். ஈடு கோருவோன், "பதினைந்து கல் பெயர்ந்தது, பதினைந்தும் வைக்க" என்பான். மகாவம்சத்துப் பசு மணிக்கயிற்றை அசைத்தபோது எவரும் அதனை இரவலாளி என்று கூறவில்லை. நம் மக்களுக்கும் அக்கயிறு தொங்கிக்கொண்டுதான் இருக்கின்றது. அவர் கைக்கு எட்டாத உயரத்தில் அது நிற்பதே குறை. எழுத்தறிந்தோர் அதனை ஒரு முழம் தாழ்த்திக் கொடுப்பாராக.